ஏடுகளின் துறவி புனித பீட்

சென்னை சாந்தோமில் புனித பீட் பெயரால் ஒரு பள்ளி விளங்குவதை நம்மில் பலர் அறிவோம். அந்தப் பீட் யார் என்று கேட்டால் விடை சொல்வோர் சிலரே. அவர் வேதசாட்சியாக இரத்தம் சிந்தியவர் அல்லர். கடல் கடந்து வேதம் போதித்தவரும் அல்லர். துறவற சபை எதையும் தோற்றுவிக்கவில்லை. ஏழு வயதில் ஒரு மடத்துக்குள் நுழைந்தார். அறுபதைக் கடந்த வயதில் அங்கேயே கண் மூடினார். இடைப்பட்ட காலமெல்லாம் படித்தார், படிப்பித்தார், எழுதினார். ஆயினும் திருச்சபை அவரைப் புனிதர் என்றும் மறைவல்லுநர் என்றும் போற்றுகிறது. மே மாதம் 25-ஆம் நாள் அவரது திருநாள்.

அவருடைய வரலாறு புத்தகங்களின் வரலாறும் ஆகும். அச்சு இயந்திரம் தோன்றுவதற்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன், தோலில் கையால் எழுதப்பட்ட இலத்தீன் ஏடுகள் எப்படி உண்டாயின, எப்படி அழிந்தன, எவை எதனால் பிழைத்தன என்பதை அவரது வாழ்விலிருந்தே நாம் கற்றுக்கொள்ளலாம்.

இராயப்பர் மடமும் சின்னப்பர் மடமும்

இங்கிலாந்தின் வடபகுதி அக்காலத்தில் நார்தம்பிரியா என்னும் தனி அரசாக இருந்தது. அங்கே பெனடிக்ட் பிஸ்கோப் என்னும் உயர்குடிப் பெருமகனார் ஒருவர் அரச சேவையைத் துறந்து துறவியானார். 674-ஆம் ஆண்டில் அரசர் எக்ஃபிரித் அளித்த நிலத்தில், வேர் ஆறு கடலில் கலக்கும் வேர்மத்தில், புனித இராயப்பர் பெயரால் ஒரு மடம் கட்டினார். சில ஆண்டுகளில், ஏழு கல் தொலைவிலுள்ள ஜாரோவில் புனித சின்னப்பர் பெயரால் மற்றொரு மடம் எழுந்தது. இரண்டு இடமானாலும் இரண்டையும் ஒரே மடமாகவே அவர் கருதினார். ஜாரோ ஆலயம் 685-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அபிஷேகம் செய்யப்பட்டது. அதைக் கூறும் இலத்தீன் கல்வெட்டு இன்றும் அவ்வாலயத்தில் உள்ளது.

பிஸ்கோப் பலமுறை உரோமைக்குப் பயணம் செய்தவர். ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. அருட்பண்டங்கள், திருவுருவப் படங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் புத்தகங்கள் அவரோடு வந்தன. ஆலயச் சன்னல்களுக்குக் கண்ணாடி செய்யக் காலியா நாட்டுத் தொழிலாளரை அழைத்துவந்தார். உரோமை இராயப்பர் கோயிலின் தலைமைப் பாடகரான யோவான் என்பவரையே அழைத்துவந்து தம் துறவிகளுக்குச் சங்கீதம் பாடக் கற்பித்தார்.

இந்த மடத்து நிலத்திலேதான் 673-ஆம் ஆண்டளவில் பீட் பிறந்தார். ஏழு வயதில் உறவினர் அவரைப் பிஸ்கோப்பின் கையில் ஒப்படைத்தனர். பின்பு ஜாரோவின் அதிபரான சியோல்பிரித் என்பவரின் பராமரிப்பில் சிறுவன் வளர்ந்தான். பெற்றோரைப் பற்றி பீட் எங்கும் எழுதவில்லை. மடமே தாயும் தந்தையும் ஆயிற்று.

இரண்டு குரல்கள்

686-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் ஜாரோவைத் தாக்கியது. சங்கீதம் பாடத் தெரிந்த துறவிகள் எல்லாரும் மாண்டனர். மிஞ்சியவர் இருவரே: அதிபர் சியோல்பிரித், அவர் வளர்த்த ஒரு சிறுவன். ஆள் இல்லாத குறையால், சங்கீதங்களோடு சேர்ந்த பல்லவிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, கட்டளைச் செபத்தைச் சுருக்கிச் சொல்லத் தீர்மானித்தார் அதிபர். ஒரு வாரம் கண்ணீரோடு அப்படி நடந்தது. அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. இருவர் ஆனாலென்ன, முழுவதையும் பாடுவோம் என்று துணிந்து, அச்சிறுவனோடு சேர்ந்து, புதியவர்கள் பாடப் பழகும்வரை குறைவின்றி நடத்தினார்.

சியோல்பிரித்தின் வரலாற்றை எழுதிய பெயர் தெரியாத துறவி ஒருவரே இதைச் சொல்கிறார். சிறுவனின் பெயரை அவர் தரவில்லை. அவன் இப்போது அதே மடத்தில் குருவாக இருந்து, தன் அதிபரின் செயல்களை எழுத்திலும் பேச்சிலும் போற்றிவருகிறான் என்று மட்டும் குறிப்பிடுகிறார். அது பீட் என்றே நெடுங்காலமாகக் கருதப்பட்டு வருகிறது. அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது இருக்கும். காலியான ஆலயத்தில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மாறி மாறிப் பாடிய அந்தப் பாடலை எண்ணிப் பாருங்கள்! அந்த அதிபரைப் பீட் தந்தையாக நேசித்ததில் வியப்பில்லை.

சிதறக்கூடாத நூலகம்

பிஸ்கோப் வாத நோயால் படுக்கையில் விழுந்து மூன்றாண்டு துன்புற்றார். இறுதி நாட்களில் தம் துறவிகளுக்கு அவர் இட்ட கட்டளைகளில் ஒன்று நூலகத்தைப் பற்றியது. உரோமையிலிருந்து தேடிக் கொணர்ந்த புத்தகங்கள் கவனக்குறைவால் பாழாகவோ, பல இடங்களுக்குச் சிதறவோ விடாமல் முழுமையாகக் காக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அவருக்குப்பின் இரு மடங்களுக்கும் அதிபரான சியோல்பிரித் அந்த நூலகத்தை இருமடங்கு பெருக்கினார்.

இந்த நூலகம்தான் பீடின் உலகம். கடல் கடந்து செல்லாத அவர், கடல் கடந்து வந்த புத்தகங்களால் அகுஸ்தீனாரையும் எரோணிமுஸையும் அம்புரோசியாரையும் கிரகோரியாரையும் நேரில் பழகியவர்போல் அறிந்தார். வழக்கமான வயதாகிய இருபத்தைந்துக்கு முன்பே, பத்தொன்பதாம் வயதில் தியாக்கோன் பட்டமும், முப்பதாம் வயதில் குருப்பட்டமும் பெற்றார். அதன்பின் விவிலியத்துக்கு உரை எழுதுவதே அவரது முதல் வேலையாயிற்று. பிறர் சொன்னதைத் தம் சொல்லாகக் காட்டுவது அவருக்குப் பிடிக்காது. ஆகவே நற்செய்தி உரைகளில் எந்த வரி எந்தப் பிதாவிடமிருந்து எடுத்தது என்று ஓரத்தில் எழுத்துக் குறியிட்டார். நகல் எடுப்போர் அக்குறிகளை விட்டுவிடக் கூடாதென்றும் கேட்டுக்கொண்டார். சில கையெழுத்துப் பிரதிகளில் அக்குறிகளை இன்றும் காணலாம்.

மூன்று பெரிய விவிலியங்கள்

சியோல்பிரித் ஒரு பெரும் பணியைத் தொடங்கினார். அக்காலத்தில் விவிலியம் பெரும்பாலும் தனித்தனிப் புத்தகங்களாகவே இருந்தது: நற்செய்திகள் ஒன்று, சங்கீதங்கள் ஒன்று என்று. பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் ஒரே கட்டில் அடங்கிய மூன்று முழு விவிலியங்களை எழுத அவர் ஏற்பாடு செய்தார். மாதிரியாக, இத்தாலியில் 6-ஆம் நூற்றாண்டில் கசியோதோருஸ் என்ற அறிஞர் தம் மடத்தில் எழுதுவித்த பெரிய விவிலியம் ஒன்று அவர்களிடம் இருந்தது. ஆனால் அது பழைய மொழிபெயர்ப்பு. ஜாரோவினரோ புனித எரோணிமுஸின் மொழிபெயர்ப்பையே தேர்ந்துகொண்டனர்.

கன்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரை நீக்கி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, வளைந்த கத்தியால் சுரண்டிச் சுரண்டி மெல்லியதாக்க வேண்டும். காய்ந்தபின் கோடு கீறி, பறவை இறகால் எழுத வேண்டும். மூன்றில் ஒரு விவிலியத்துக்கு மட்டும் 1,030 ஏடுகள். ஒரு தோலில் இரண்டு ஏடு கிடைக்கும் எனக் கொண்டால், ஐந்நூறுக்கு மேற்பட்ட கன்றுகளின் தோல் அதற்கு வேண்டும். உயரம் அரை மீட்டர். எடை சுமார் 34 கிலோ. ஏழு எழுத்தர்களின் கைகளை அறிஞர்கள் அதில் பிரித்துக் காண்கிறார்கள். பாடத்தைச் சரிபார்த்து அமைத்ததில் பீடுக்கும் பங்கிருக்கும் என்று கருதுவோர் உண்டு.

மூன்றில் ஒன்று வேர்மத் ஆலயத்தில் வைக்கப்பட்டது. ஒன்று ஜாரோ ஆலயத்தில். வாசிக்க விரும்பும் எவரும் எந்த அதிகாரத்தையும் எளிதில் எடுத்துப் பார்க்கவே இந்த ஏற்பாடு. மூன்றாவது யாருக்கு?

ஆற்றங்கரையில் பிரிவு

716-ஆம் ஆண்டு. சியோல்பிரித்துக்கு வயது எழுபத்து நான்கு. இளமையில் பிஸ்கோப்போடு கண்ட உரோமைக்கு மீண்டும் சென்று, அப்போஸ்தலர் கல்லறையருகே உயிர்விட ஆசை கொண்டார். மூன்றாவது விவிலியம் புனித இராயப்பருக்கு அவருடைய காணிக்கை. முன்கூட்டிச் சொன்னால் தடுப்பார்கள் என்று கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. ஜூன் 4-ஆம் நாள் காலைத் திருப்பலி முடிந்ததும் எல்லாருக்கும் சமாதான முத்தம் அளித்தார். செபமும் அழுகையும் ஒன்றாகக் கலந்தன. எரியும் திரிகளையும் பொற்சிலுவையையும் தாங்கிய தியாக்கோன்மாரோடு படகேறி வேர் ஆற்றைக் கடந்தார். அக்கரையில் சிலுவையை வணங்கிக் குதிரையேறிச் சென்றுவிட்டார். இரு மடங்களிலுமாக அறுநூறுக்கு மேற்பட்ட துறவிகள் அநாதைகள்போல் நின்றனர்.

பீட் அப்போது சாமுவேல் ஆகமத்துக்கு உரை எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாம் பகுதியை முடித்துச் சற்று இளைப்பாறி, நான்காவதைத் தொடங்க எண்ணியிருந்தார். தந்தையின் திடீர்ப் பிரிவால் மனம் கலங்கி, பேனாவை எடுக்க முடியாமல் நின்றுபோனதை அந்த நான்காம் பகுதியின் தொடக்கத்தில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கல்விமான் ஆனாலும் அவரும் ஒரு பிள்ளைதானே!

முதியவர் உரோமை சேரவில்லை. செப்டம்பர் 25-ஆம் நாள் காலியா நாட்டின் லாங்கர் நகரில் உயிர் நீத்தார். உடன் சென்றோரில் சிலர் செய்தியோடு ஊர் திரும்பினர். சிலர் அவரது கல்லறையருகே தங்கிவிட்டனர். சிலர் காணிக்கைகளைச் சுமந்துகொண்டு உரோமைக்கு நடந்தனர். பாப்பரசர் 2-ஆம் கிரகோரியார் நன்றி தெரிவித்து ஜாரோவுக்குக் கடிதம் எழுதினார். அதன்பின் அந்த விவிலியத்தைப் பற்றி நெடுங்காலம் பேச்சில்லை.

காலத்தை எண்ணியவர்

பீட் மீண்டும் எழுதத் தொடங்கினார். அறுபது நூல்கள் அளவுக்கு எழுதினார். 725-ஆம் ஆண்டில் காலக் கணிதம் பற்றிப் பெருநூல் ஒன்றை முடித்தார். உயிர்ப்பு விழாவின் நாளைக் கணிப்பதே அதன் முக்கிய நோக்கம். கடலின் ஏற்றவற்றம் சந்திரனோடு இயங்குவதையும், அதன் நேரம் துறைக்குத் துறை வேறுபடுவதையும் அதில் விளக்கியுள்ளார்.

731-ஆம் ஆண்டில் ஆங்கில மக்களின் திருச்சபை வரலாற்றை ஐந்து பகுதிகளில் நிறைவேற்றினார். கேள்விப்பட்டதைக் கேள்வி என்றும், ஏட்டில் கண்டதை ஏடு என்றும், சொன்னவர் பெயரோடு எழுதும் நேர்மை அவருடையது. இலண்டன் குருவான நோதெல்ம் உரோமைக்குச் சென்று, அங்குள்ள சுவடிச் சாலையில் பழைய பாப்பரசர்களின் கடிதங்களைத் தேடி நகலெடுத்து வந்து அவருக்குக் கொடுத்தார். நிகழ்ச்சிகளை அரசர்களின் ஆட்சியாண்டால் மட்டும் குறிக்காமல், நம் ஆண்டவர் மனிதரான ஆண்டிலிருந்து எண்ணும் கணக்கில் இந்நூலை அமைத்தார். அக்கணக்கை வகுத்தவர் அவரல்லர். ஆனால் அது எங்கும் பரவ அவரே பெருங்காரணம். இன்று நம் ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதும் ஆண்டும் அவ்வழியே வந்ததுதான்.

அறிஞருக்காக மட்டும் உழைத்தவர் என்று எண்ணவேண்டாம். 734-ஆம் ஆண்டு நவம்பரில் யார்க் நகர ஆயர் எக்பெர்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், ஆயரைக் கண்ணாலும் காணாத மலைக் கிராமத்து எளியோருக்காக அவர் வாதாடுகிறார். விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் அவரவர் தாய்மொழியில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்கிறார். இலத்தீன் அறியாத குருக்களுக்காக அவற்றைத் தாமே மொழிபெயர்த்துக் கொடுத்ததாகவும் கூறுகிறார்.

கடைசி வாக்கியம்

735-ஆம் ஆண்டு உயிர்ப்பு விழாவுக்கு முன்பே மூச்சுத் திணறல் கண்டது. நாளடைவில் கால்கள் வீங்கின. ஆயினும் பாடம் நிற்கவில்லை. புனித அருளப்பரின் நற்செய்தியை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லச் சொல்ல மாணவர் எழுதினர். அவருடைய சீடர் கத்பெர்ட் எழுதிய கடிதம் இந்த இறுதி நாட்களை நமக்குக் காட்டுகிறது.

விண்ணேற்றத் திருநாளுக்கு முந்திய புதன்கிழமை. தம் சிறு பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதிலிருந்ததை மடத்துக் குருக்களுக்குப் பகிர்ந்தளித்தார். அவருடைய சொத்து அவ்வளவே: கொஞ்சம் மிளகு, சில துணிகள், கொஞ்சம் சாம்பிராணி. மிளகு விளைவது நம் தென்னாட்டின் மேற்குக்கரை மலைகளில் அல்லவா! பல கை மாறி வடகடல் ஓரத்து மடத்துக்குச் சென்ற அது, அங்கே பொக்கிஷமாக இருந்திருக்கிறது.

மாலையில், வில்பெர்ட் என்னும் சிறுவன் இன்னும் ஒரே வாக்கியம் பாக்கி இருப்பதை நினைவூட்டினான். பீட் அதைச் சொன்னார். அவன் எழுதி முடித்தான். பின்பு, தாம் வழக்கமாகச் செபித்த இடத்தை நோக்கித் தம்மை உட்காரவைக்கச் சொல்லி, அறையின் தரையில் அமர்ந்தபடியே திரித்துவப் புகழைப் பாடிக்கொண்டு உயிர் விட்டார். பதின்மூன்று வயதில் அதிபரோடு பாடத் தொடங்கிய குரல் அங்கே ஓய்ந்தது.

எது நிலைத்தது?

இனி நம் உள்ளத்தைத் தொடும் பகுதிக்கு வருவோம். அவர் மறைந்தபின் ஐரோப்பாவெங்கும் அவர் நூல்களைக் கேட்டு ஆள் வந்தது. ஜெர்மனி நாட்டு அப்போஸ்தலரான புனித போனிப்பாசியார் அவற்றின் நகல்களைக் கேட்டுக் கடிதம் எழுதினார். 764-ஆம் ஆண்டில் மைன்ஸ் ஆயர் லுல் கேட்டபோது, அப்போது அதிபராக இருந்த கத்பெர்ட், தம்மால் இயன்றதை அனுப்பி, கடுங்குளிரால் எழுத்தரின் கை விறைத்துப் போனமையால் அதிகம் அனுப்ப முடியவில்லை என்று வருந்தினார்.

பின்னர் வடநாட்டுக் கொள்ளையர் கடல் வழியே வந்தனர். காலப்போக்கில் மடங்கள் பாழாயின. பிஸ்கோப் எதற்கு அஞ்சினாரோ அதுவே நடந்தது. அந்தப் பெரிய நூலகம் சிதறி ஒழிந்தது. இங்கிலாந்திலேயே தங்கிய இரு பெரிய விவிலியங்களும் அழிந்தன. அவற்றில் எஞ்சிய சில ஏடுகள் 16-ஆம் நூற்றாண்டில் ஒரு பெருங்குடும்பத்தின் நிலக் கணக்குகளுக்கு மேலுறையாகப் பயன்பட்டன. ஓர் ஏடு நியூகாசில் நகரக் கடையொன்றில் கிடைத்தது. அந்தோ! அத்தனை உழைப்பும் கணக்குக் கட்டுக்கு உறையாயிற்று. அந்த ஏடுகள் இப்போது இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. பீட் சாகும்வரை செய்த அருளப்பர் நற்செய்தி மொழிபெயர்ப்பின் ஒரு பிரதியும் நமக்குக் கிட்டவில்லை.

ஆனால் காணிக்கையாகக் கொடுத்த மூன்றாவது விவிலியம் பிழைத்தது. அது எப்படியோ இத்தாலியில் அமியாத்தா மலையிலுள்ள உலக மீட்பர் மடத்துக்குச் சேர்ந்திருந்தது. யாரோ முதல் பக்கத்துக் காணிக்கைப் பாடலில் சியோல்பிரித்தின் பெயரைச் சுரண்டிவிட்டு, லொம்பார்து நாட்டு இராயப்பர் என்ற அதிபரின் பெயரை எழுதிவிட்டார். அது இத்தாலியில் எழுதப்பட்டது என்றே உலகம் நம்பியது. பாப்பரசர் 5-ஆம் சிக்ஸ்துஸ் காலத்தில் இலத்தீன் விவிலியத்தைத் திருத்திப் பதிப்பிக்க 1587-இல் உரோமைக்கு வரவழைக்கப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அம்மடம் மூடப்பட்டபின் புளோரன்ஸ் நகரின் லொரென்சியானா நூலகத்துக்குச் சென்றது. இன்றும் அங்கேதான் உள்ளது.

1880-களில் கல்லறைச் சுரங்க ஆய்வுக்குப் புகழ்பெற்ற தெ ரோசி, அந்தப் பெயரின் கீழ் வேறு பெயர் இருப்பதைக் கண்டு, அது சியோல்பிரித் என்று யூகித்தார். ஹார்ட் என்ற ஆங்கில அறிஞர் அதற்குச் சான்று காட்டினார். பெயர் தெரியாத அந்தத் துறவி, தம் அதிபரின் வரலாற்றில் அதே காணிக்கைப் பாடலை நகலெடுத்து வைத்திருந்தார். அதில் சியோல்பிரித்தின் பெயர் அப்படியே இருந்தது. ஓர் ஏட்டில் அழித்ததை இன்னோர் ஏடு காத்திருந்தது! எரோணிமுஸின் மொழிபெயர்ப்பு முழுமையாக அடங்கிய விவிலியங்களில் உலகிலேயே பழமையானது அந்நூல். 2018-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நூலகத்தின் கண்காட்சிக்காக அது இலண்டனுக்கு வந்தது. சியோல்பிரித் அதைச் சுமந்து புறப்பட்டு 1,302 ஆண்டுகளுக்குப்பின் அது தன் பிறந்த நாட்டை மிதித்தது அதுவே முதல்முறை.

பீடின் வரலாற்று நூலும் அவ்வாறே. அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட இரு பிரதிகள் இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலும் ருஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகர நூலகத்திலும் உள்ளன. கேட்டவர்க்கெல்லாம் நகலெடுத்துக் கொடுத்ததால் அது வாழ்கிறது.

அவரது உடல் பதினோராம் நூற்றாண்டில் டர்ஹாம் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இன்று அங்குள்ள பேராலயத்தில் துயில்கிறது. பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1899-இல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

காத்து வைத்தது சிதறிப் போயிற்று. கொடுத்து விட்டது நிலைத்து நின்றது. இதைப் படிக்கும்போது, நம் வீட்டுப் பெட்டியில் தாத்தா பாட்டி வைத்துப் போன பழைய செபப் புத்தகமும், ஆலய அலமாரியில் பூச்சி அரிக்கும் பழைய பதிவேடும் நம் நினைவுக்கு வரட்டும். அவற்றைத் தூசி தட்டி எடுப்போம். பழுதுபடுமுன் ஒரு நகல் எடுத்துப் பிள்ளைகளின் கையில் கொடுப்போம். கடுங்குளிரில் விறைத்த விரலோடு எழுதிய அந்தத் துறவிகளுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.